பதினோராவது பெயர்

குரல் இல்லாதிருந்த காலத்தில் மகளிடமிருந்து வாரம் ஒரு சேதி தவறாமல் வந்தது. குரல் திரும்பி வந்த பிறகு ஒன்றுகூட வரவில்லை. அமலோற்பவம் இதை எத்தனையோ விதமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் விடை ஒன்றுதான் வந்தது: ஜோவிட்டாவுக்குத் தன் குரலைக் கேட்கப் பிடிக்கவில்லை.

தூத்துக்குடிப் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம் எடுத்த தொண்டை அது. போன தை மாதம் அதில் புற்று என்று சொல்லிக் குரல்வளையை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அதன்பின் ஒன்பது மாதம் சிலேட்டும் சாக்பீசுமாகக் கழிந்தது. பிறகுதான் குரல்மாற்று நிலையத்தார் வந்து கழுத்தில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டினார்கள். அவள் வாயை அசைத்தால் போதும், பிளாஸ்திரி தசையின் அசைவைப் படித்து நிலையத்துக்கு அனுப்பும். நிலையம் அதைக் குரலாக்கும். எதிரில் இருப்பவருக்கு என்றால் மார்பில் தொங்கும் சின்ன ஒலிபெருக்கியில் கேட்கும். தூரத்தில் இருப்பவருக்கு என்றால் நிலையமே கொண்டுபோய்ச் சேர்க்கும். பழைய வகுப்பறைப் பதிவுகளிலிருந்து செய்த குரல் என்பதால் அதற்கு வயது முப்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது வயது வாயிலிருந்து முப்பத்தெட்டு வயதுக் குரல் வருவது முதலில் கூச்சமாக இருந்தது. நாளடைவில், வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் ஒரு தங்கச்சியைப்போல அது பழகிவிட்டது.

அந்தக் குரலில் அவள் முதன்முதலாகச் சொன்னது, "ஜோவி, போயிட்டு வா."

அது தொண்டையில் ஆறு மாதமாக நின்றிருந்த சொல். ஜோவிட்டா ஆழ்கடல் ஆய்வுக் கலத்தில் இயந்திரப் பொறியாளர். அம்மாவின் அறுவைக்கு என்று விடுப்பில் வந்தவள், மூன்று மாதம் உடனிருந்து பார்த்துவிட்டு, தென்துருவப் பயணத்துக்குக் கிளம்பினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "போயிட்டு வரேன்மா" என்றாள். கிளம்புகிறவர் போகிறேன் என்று சொல்லக் கூடாது, வருகிறேன் என்று சொல்ல வேண்டும். இருப்பவர் போயிட்டு வா என்று பதில் சொல்லி அனுப்ப வேண்டும். அமலோற்பவத்தின் மடியில் சிலேட்டு இருந்தது. விரலில் சாக்பீசும் இருந்தது. அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போயிற்று.

வருகிற வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கலம் பனிக்கு அடியில் இறங்குகிறது. இறங்கினால் ஏழு மாதத்துக்கு ஒரு சொல் உள்ளே போகாது, வெளியே வராது. கலத்தில் இருப்பவர்களோடு பேசக் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி என்பதால் வேறு யாரையும் கேட்டுச் சொல்லச் சொல்லவும் வழியில்லை.

இன்று புதன்கிழமை.

மாடி வீட்டு ஜெய்னம்பு படியிறங்கி வரும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். அமலோற்பவத்தைவிட மூன்று வயது மூத்தவள், அதனால் லாத்தா. "ஏட்டி, ஒன் பேருல பேபி சிஸ்டருக்கு நாலு சேதி விட்டேன், கட்டு மாத்த வாங்கன்னு. ஒண்ணுமே வரலையாம். இன்னிக்கு சந்தையில பாத்தா, 'டீச்சருக்கு எம்மேல என்ன கோவம்'னு என்னையவே கேக்கா. இது சாத்தானோட வேலையோ கம்பெனியோட வேலையோ, நான் போய் அவுங்க ஆபீசுல சத்தம் போட்டுட்டு வந்துட்டேன். ஒருத்தி வாரா."

அந்த ஒருத்தி பதினொரு மணிக்கு நிலையத்திலிருந்து வந்தாள். இசக்கியம்மாள் என்று சட்டையில் எழுதியிருந்தது. நாற்பது வயதிருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் வைத்தவள், தண்ணீர்கூடக் கேட்காமல் கையிலிருந்த பலகைக் கருவியைத் தட்டத் தொடங்கினாள்.

"டீச்சர், ஒங்க லிஸ்ட்ட போட்டது யாரு?"

"நான்தான்."

"ஏழு பேரு இருக்காங்க."

"எல்லாரும் வேண்டியவங்க."

"வேண்டியவங்கதான். நான் இல்லைன்னா சொல்லுதேன்?" என்று இசக்கி சிரித்தாள்.

பொய்க்குரல் ஆண்டுகளுக்குப் பிறகு வந்த வழக்கம் அது. யார் குரலையும் யாரும் செய்துவிடலாம் என்று ஆனபோது ஊரே ஒன்றையொன்று நம்பாமல் போயிற்று. அமலோற்பவத்தின் குரலிலேயே ஒருநாள் ஒரு தாய்க்கு அழைப்பு போனது, பிள்ளையைப் பின்வாசலுக்கு அனுப்புங்கள் என்று. காவலாளிக்கு ஏதோ உறுத்தியதால் பிள்ளை பிழைத்தது. அதற்கப்புறம்தான் சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் தம் பெயரில் யார் யார் பேசலாம் என்று ஒரு பட்டியல் எழுதி ஊரறிய வெளியிட வேண்டும். பட்டியலில் இல்லாதவர் வழியாக வரும் சேதியை வாங்குகிற கருவி என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும்: உள்ளே விடு, ஒதுக்கி வை, அல்லது எறிந்துவிடு. அமலோற்பவம் அன்றைக்கே 'எறிந்துவிடு' என்று எழுதினாள். அந்தப் பின்வாசலை அவளால் மறக்க முடியவில்லை.

நோய் வந்து வாய் போனபோது அந்தப் பட்டியல்தான் அவளுக்கு வாயாயிற்று. அவள் சிலேட்டில் எழுதுவாள். யாராவது அவள் பெயரில் அனுப்புவார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முப்பத்து மூன்று நாள் ஏற்றி இறக்கிய ஆட்டோ அந்தோணிமுத்து, கட்டு மாற்றும் பேபி சிஸ்டர், பள்ளியில் அவளுக்குப் பிறகு கணக்கு வகுப்பை ஏற்றுக்கொண்ட ஸ்டெல்லா டீச்சர், மருந்துக்கடை சுடலைமணி, சர்ச் அன்பியக் கூட்டத்தில் அவளுக்காக வாய்விட்டு ஜெபித்த பிலோமினா, மாடியிலிருக்கும் ஜெய்னம்பு, திருநெல்வேலியிலிருக்கும் உடன்பிறந்த தம்பி கிராசியன். ஒவ்வொருவர் பெயரை எழுதும்போதும் அவளுக்கு ஒரு நிறைவு. நன்றி சொல்லக் குரலில்லாதவள் வேறெப்படி நன்றி சொல்வாள்?

"எங்க ஆளுங்க ஒங்க லிஸ்ட்டுல எங்க கம்பெனியையும் சேத்திருக்காங்க. அதுதான் வினை" என்றாள் இசக்கி. "பொறுங்க, கோவப்படாதீங்க. சேக்காட்டியும் ஒங்க குரல் போவாது. நாங்க வெளியாளு, ஒங்க பேருல பேசுதோம். லிஸ்ட்டுல இல்லாட்டி கள்ளக் குரல்னு எறிஞ்சிரும். சேத்தது சரி. எண்ணாம சேத்துட்டாங்க."

"என்னத்தை எண்ண?" என்றாள் ஜெய்னம்பு.

"ஒரு சேதி வந்தா, வாங்குற கருவி லிஸ்ட்டுல உள்ள ஒவ்வொரு பேரா போய் விசாரிக்கணும்லா லாத்தா? அது பத்துக் கதவுதான் தட்டும். பதினொண்ணாவது கதவு இருக்குன்னு கண்டா, மொத்த லிஸ்ட்டையும் செல்லாதுன்னு சொல்லிட்டுத் திரும்பிரும்."

"பதினொண்ணாவது ஆளைத்தானே விடணும்? மத்த பத்துப் பேரு என்ன பாவம் செஞ்சான்?"

"அதுதான் சட்டம். முன்னால ஒரு கள்ளன் ஆயிரம் பேரு உள்ள லிஸ்ட்ட எழுதி, ஊர்ல உள்ள கருவியெல்லாம் வேலையத்து அலைய விட்டுட்டான். அதுல வந்த சட்டம்."

அமலோற்பவம் விரலை மடக்கினாள். "ஏழு பேரு. உங்க கம்பெனி ஒண்ணு. எட்டுதானே?"

"அங்ஙனதான் டீச்சர் இருக்கு. நாங்க பேருக்குத்தான் ஒண்ணு. வாயசைவைப் படிக்கிறது ஒருத்தன், குரல் செய்யுறது ஒருத்தன், கொண்டு சேக்குறது ஒருத்தன். எங்க பேரைத் தொறந்தா உள்ள மூணு பேரு உக்காந்திருப்பான். எங்க கதவோட சேத்து நாலு."

ஏழும் நாலும். முப்பத்தொரு வருடம் கணக்கு எடுத்தவள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்திரிக்கு அந்த மௌனத்தை எப்படிப் படிப்பதென்று தெரியாமல் ஒலிபெருக்கி மெல்ல இரைந்தது.

"அப்போ நாப்பது நாளா..."

"நாப்பது நாளா ஒங்க பேருல யாரு என்ன சொன்னாலும் எங்கயும் போய்ச் சேரலை. நீங்க பேசுனதும் சரி, இவுங்க பேசுனதும் சரி. எறிஞ்சதை எறிஞ்சேன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மாட்டிவிட்டுப் போனவரு சோதனைக்கு எங்க ஆபீசுக்கே பேசிப் பாத்திருக்காரு. நாங்க எங்க ஆளை விசாரிக்க மாட்டோம்லா, உடனே ஏத்துக்கிட்டிருக்கு. எங்க தப்பு டீச்சர். மன்னிச்சிருங்க."

அமலோற்பவத்துக்கு அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு லேசு பரவிற்று. ஜோவி கேட்கவில்லை. கேட்டும் பேசாமலில்லை, கேட்கவே இல்லை. நாற்பது நாளாக நெஞ்சில் வைத்து அரைத்த கல்லை யாரோ வந்து எடுத்துப் போனதைப்போல இருந்தது.

"தினமும் அறிக்கை போவுமே, அதை யாரும் பாக்கலையா?" என்று கேட்டாள் இசக்கி. அவள் பெயரில் யார் பேசினார்கள், எது போயிற்று, எது எறியப்பட்டது என்று ஒவ்வொரு நாளும் கணக்கு அனுப்புவார்களாம். எந்த முகவரிக்கு என்று பார்த்தால் பள்ளிக்கூட அலுவலகப் பெட்டிக்கு. அமலோற்பவம் ஓய்வு பெற்றே இரண்டு வருடம். அவளுடைய பழைய கடவுச்சொல் இன்னும் திறந்தது. இரண்டு வருடத்து அறிக்கைகள் பிரிக்காமல் கிடந்தன, கடைசி நாற்பது நாளுடையவையும்.

இசக்கி வாசித்தாள். ஜெய்னம்பு, பேபி சிஸ்டருக்கு, நான்கு, எறியப்பட்டது. அமலோற்பவம், ஜோவிட்டாவுக்கு, முப்பத்தாறு, எறியப்பட்டது. அந்தோணிமுத்து, ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு, வியாழக்கிழமைதோறும், எறியப்பட்டது, எறியப்பட்டது.

"இது தப்பு. அண்ணன் எல்லா வியாழக்கிழமையும் எனக்குச் சீட்டு வாங்கிட்டாரே?" என்றாள் அமலோற்பவம்.

ஜெய்னம்பு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். ஆட்டோவுக்குள் காலை நீட்டிப் படுத்திருந்த அந்தோணிமுத்து வாசல்வரை வந்து தலையைச் சொறிந்தார்.

"அது ஒண்ணுமில்ல டீச்சர். மெசினு சீட்டு தர மாட்டேங்குதுன்னுட்டு காலையில அஞ்சு மணிக்குப் போய் வரிசையில நின்னு வாங்குனேன். ஆறு வாரம்தான். நீங்க வீணா விசனப்படுவீங்கன்னுட்டு சொல்லலை."

"ஆறு வாரமா!"

"சும்மா இருங்க டீச்சர். அங்க டீ நல்லா இருக்கு."

அவர் போன பிறகு இசக்கி மெதுவாகச் சொன்னாள், "ஒரு பேரை எடுத்தா பத்தாயிரும். ஒங்க லிஸ்ட்ட ஒருதடவை பாத்த கருவி பன்னிரண்டு மணி நேரம் அதையே ஞாபகம் வச்சிருக்கும். இப்ப எடுத்தா நாளைக் காலையில பொண்ணுகிட்ட பேசலாம். யாரை எடுக்கட்டும்?"

யாரை?

அறிக்கையின்படி கிராசியன் அவள் பெயரில் ஒருமுறைகூட எதுவும் பேசியதில்லை. நாற்பது நாளில் மட்டுமல்ல, பட்டியல் எழுதிய நாளிலிருந்தே இல்லை. ஆனால் தம்பியின் பெயரை எடுப்பது பட்டியலிலிருந்து எடுப்பதோடு நிற்காது. பட்டியல் ஊரறிய இருப்பது. சண்டை போட்ட சொந்தங்கள் முதலில் செய்கிற காரியம் ஒருவர் பெயரை ஒருவர் எடுப்பது. கல்யாண வீடுகளில் பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வதே அதைத்தான்: 'எடுத்துட்டாளாம்.' நகையைத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பெரிய சொல் அது.

அந்தப் பயத்தினால்தான் அமலோற்பவமும் இந்த நாற்பது நாளில் ஒருநாள்கூட ஜோவிட்டாவின் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை. தன் பெயர் அதில் எப்போதாவது இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது, கேட்டதில்லை. இருந்து, இப்போது இல்லாமல் போயிருந்தால்? பார்க்காதவரை பெயர் இருந்துகொண்டிருக்கும்.

"மருந்துக்கடை சுடலைமணி" என்றாள். யாரை எடுத்தால் நியாயம் என்று பார்க்கவில்லை, யார் சிரித்துக்கொண்டு போய்விடுவார் என்று பார்த்தாள் என்பது அவளுக்கே தெரிந்தது. சாயங்காலம் கடைக்கு நேரில் போய்ச் சொன்னாள். சுடலைமணி மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே, "ஏங்க்கா, எம்பேரு அதுல இருந்துச்சா? சொல்லியிருந்தா வீட்டுல பெருமையா சொல்லியிருப்பேம்லா" என்றார்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அமலோற்பவம் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிளாஸ்திரியின் ஓரங்களை விரலால் அழுத்திவிட்டு, பேசினாள். "ஜோவி, அம்மா பேசுதேன். அன்னிக்கு நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டது தப்பு. பயந்துட்டேன். உன்னை அனுப்பிட்டா நான் தனியா சாகப் போறேன்னு நெனச்சேன். சாகலை. இங்க யாரும் விடலை. நீ போயிட்டு வா."

ஒன்பது மணிக்குப் பதில் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. மதியச் சோறு தட்டில் ஆறியது. மூன்று மணிக்கு இசக்கி வந்தாள். நேற்றுத் தலைக்கவசத்தை மறந்துபோய் வைத்துவிட்டாளாம். அறிக்கையையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று திறந்தவள் முகம் மலர்ந்தாள். "போயிருக்கு டீச்சர்! ஏத்துக்கிட்டாங்க. கேட்டிருக்காங்க. நாலு தடவை கேட்டிருக்காங்க!"

அவள் சொன்ன நல்ல சேதி அமலோற்பவத்தின் மேல் சுடுதண்ணீராக விழுந்தது. நாலு தடவை கேட்டிருக்கிறாள். கேட்டும் பதில் இல்லை. இதுவரை சாக்குச் சொல்ல ஒரு பட்டியல் இருந்தது. இனி அதுவும் இல்லை.

இசக்கிக்கு அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. "அவுங்க லிஸ்ட்டப் பாத்தீங்களா?"

"வேண்டாம்."

"ஒரு தடவை..."

"வேண்டாம்னு சொல்லுதேம்லா!" முப்பத்தெட்டு வயதுக் குரல் வகுப்பறைச் சத்தத்தோடு எழுந்தது. இசக்கி பென்சிலைக் கீழே போட்ட பிள்ளையைப்போல உட்கார்ந்துவிட்டாள்.

ஜெய்னம்பு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கருவியைத் தன் பக்கம் இழுத்தாள். "நீ பாக்காத. நான் பாக்குதேன். எனக்கென்ன, அவ என்னையா எடுக்கப் போறா." தேடினாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். "ஏட்டி அமலம். இதுல ரெண்டே வரிதான் இருக்கு. ரெண்டாவது அவ கப்பலு."

"முதலாவது?"

"நீதான், மூதி."

அமலோற்பவம் எழுந்து வந்து பார்த்தாள். தன் முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. எழுதிய தேதி, ஜோவிட்டா வேலைக்குச் சேர்ந்த வருடம்; எட்டு ஆண்டுக்கு முந்தியது. அதன்பின் திருத்தமே இல்லை.

இசக்கி கருவியை வாங்கிக் கூர்ந்து பார்த்தாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. "டீச்சர், ஒருத்தரைச் சேக்கும்போது ரெண்டு விதமா கேக்கும். ஆளு மட்டுமா, ஆளும் அவர் லிஸ்ட்டுமான்னு. எல்லாரும் ஆளு மட்டும்னுதான் போடுவாங்க. நீங்களும் அப்படித்தான் போட்டிருக்கீங்க. ஒங்க பொண்ணு லிஸ்ட்டோட சேத்திருக்கு. அம்மா எம்பேருல பேசலாம்; அம்மா யாரை நம்புதாங்களோ அவுங்களும் பேசலாம்."

"அதனால?"

"ஒங்க லிஸ்ட்டு அவுங்க லிஸ்ட்டுக்குள்ள இருக்கு. ஒங்க கதவு ஒண்ணு, கப்பல் கதவு ஒண்ணு, ஒங்களுக்குள்ள பத்து. பன்னெண்டு." அவள் குரல் இறங்கிப்போயிற்று. "ஒங்க லிஸ்ட்டு செல்லாமப் போன அன்னைக்கே அவுங்களோடதும் செல்லாமப் போச்சு. நாப்பது நாளா அவுங்க ஒங்களுக்குப் பேசிக்கிட்டுத்தான் இருந்திருப்பாங்க. ஒங்க கருவிதான் எறிஞ்சிருக்கு. இன்னிக்குக் காலையிலயும் எறிஞ்சிருக்கும்."

அமலோற்பவம் மேசைமேல் இருந்த தன் கருவியைப் பார்த்தாள். நாற்பது நாளாக அவள் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்த கருவி. ஒரு சத்தமும் செய்யாமல், அம்மாவைப் பார்த்து ஜோவியும் எழுதிவைத்திருந்த 'எறிந்துவிடு' என்ற சொல்படியே, மகளின் சொல்லை ஒவ்வொன்றாக எறிந்துகொண்டிருந்த கருவி. எறிந்தவை எங்கும் சேர்த்து வைக்கப்படுவதில்லை. அவை இனி இல்லை.

"இன்னும் எத்தனை பேரை எடுக்கணும்?" என்று கேட்டாள். பிறகு தானே கணக்குப் போட்டாள். "எனக்குள்ள எட்டுதான் இருக்கலாம். ரெண்டு பேரு."

மணி நாலாகப் போகிறது. பன்னிரண்டு மணி நேரக் கணக்கு. இன்றைக்குள் எடுத்துவிட வேண்டும்.

"என்னை எடு" என்றாள் ஜெய்னம்பு.

அமலோற்பவம் அவளைப் பார்த்தாள். மகள் கிளம்பிப் போன பிறகு, குரலில்லாத அந்த ஆறு மாதமும் ஜோவிட்டாவின் வாரச் சேதிக்கு இவள்தான் பதில் போட்டாள். 'சாப்பிட்டாள், தூங்கினாள், இன்று ரெண்டு இட்லி கூட.' சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளுக்கு விரோதமாக, அவள் பெயரிலேயே, மகளிடம் அன்பாகப் பேசிக்கொண்டிருந்தவள். அந்தப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தும் தெரியாததுபோலக் கிடந்தாள் அமலோற்பவம். இப்போது நினைத்தால், மகளுக்கும் தனக்கும் நடுவில் ஒரு நூல் அறாமல் இருந்ததே இந்த விரல்களால்தான்.

"உங்களை எப்படி லாத்தா எடுப்பேன்?"

"பின்ன? கேக்காம செஞ்சவளைத்தான் கேக்காம எடுக்க முடியும். என்னை எடுத்தா நான் நாளைக்கு வர மாட்டேனா? மாடிப்படி எங்க போயிரும்?"

அது உண்மைதான் என்று அமலோற்பவத்துக்குப் பட்டது. கொஞ்சமாகச் செய்தவரிடமிருந்து எதையும் திரும்ப எடுக்க முடியாது, அவர் எண்ணிக்கொண்டிருப்பார். நிறையச் செய்தவரிடம்தான் அந்த உரிமை உண்டு. அவள் ஜெய்னம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அந்தப் பெயரைத் தொட்டு எடுத்தாள். பிறகு, நேற்று முடியாதது இன்று முடிந்தது. 'கிராசியன்' என்பதையும் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கிராசியன். கதவைச் சாத்திய வேகத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"அக்கா! என்ன பாவம் செஞ்சேன் ஒனக்கு? காலையில பாக்குதேன், எம்பேரு இல்லை! தினமும் எந்திரிச்சதும் பாக்குறது அதைத்தான். ஒன் பேருல இருக்கேன்னு ஒரு தெம்பு. கூடப் பொறந்தவனை எடுத்துட்டியே, ஊரு என்ன சொல்லும்?"

அறுவை முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த நாளுக்குப் பிறகு அவன் இந்தப் படியை மிதிக்கவில்லை. ஜெய்னம்பு இடுப்பில் கையை வைத்தாள். "லிஸ்ட்டுல இருந்த வரைக்கும் வரலை. எடுத்த மறுநாளே வந்து நிக்கான். மொதல்லயே எடுத்திருக்கணும்."

கிராசியன் பதில் சொல்ல வாயெடுத்தான். அமலோற்பவம் கையை உயர்த்தினாள். தினமும் பார்ப்பானா? ஒரு தடவைகூடப் பயன்படுத்தாத பெயரைத் தினமும் எழுந்ததும் பார்ப்பானா? அவன் நரைத்த கிருதாவைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "உக்காருடா. எல்லாம் சொல்லுதேன்" என்றாள். முதன்முதலாக அந்தக் குரலைக் கேட்ட கிராசியன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் கல்யாணத்தில் அவனை அதட்டிய அக்காவின் குரல் அது.

ஒன்றே முக்கால். இரண்டு. இரண்டேகால். கதையைக் கேட்டு முடித்த கிராசியன் கருவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தோணிமுத்து ஆட்டோவைத் தெருமுனையில் விட்டுவிட்டு வாசற்படியில் வந்து அமர்ந்தார்.

இரண்டு இருபத்தாறுக்குக் கருவி ஒலித்தது.

"அம்மா, இது வருதான்னு தெரியலை. நேத்து ராத்திரிக்குள்ள பதினாலு தடவை அனுப்பிட்டேன், காலையில இருந்து எறங்குற வேலை, இப்பதான் கை ஒழிஞ்சுது. ஒன் குரல் கேட்டேன்மா. நான் ஆறாங்கிளாஸ் படிக்கும்போது இருந்த குரல்." பின்னால் இயந்திரம் இரைந்தது. "எங்க செய்தி அதிகாரி மொத நாளே சொன்னாரு, ஒன் லிஸ்ட்டுல ஒரு பேருனால மொத்தமும் கெட்டுக் கிடக்கு, அந்தப் பேரை எடுத்துட்டா சரியாகிரும்னு. ஏழு தடவை சொல்லிட்டாரு. எப்படி எடுப்பேன்? நீ தொறந்து பாத்தா? எடுத்துட்டாளேன்னு நெனைப்பியே. நான் பேசலைன்னு நீ நெனைச்சாலும் பரவாயில்லை, அதை நெனைச்சிரக் கூடாதுன்னு விட்டுட்டேன். ஜெய்னம்பு பெரியம்மாகிட்ட சொல்லு, ரெண்டு இட்லி கூடன்னு எழுதுவாங்கல்லா, அதை எல்லாம் பிரதி எடுத்து உள்ள கொண்டுபோறேன்." பின்னால் மணி ஒலித்தது. "சரிம்மா. மணி அடிச்சுட்டாங்க. போயிட்டு வரேன்."

ஜெய்னம்பு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கிராசியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அமலோற்பவம் பிளாஸ்திரியை அழுத்தினாள். நேற்று அவள் அதே சொல்லை அனுப்பியிருந்தாள். ஆனால் நேற்று அது வரிசை தப்பி வந்த சொல். கிளம்புகிறவர் முதலில் சொல்ல வேண்டும். இருப்பவர் பிறகு சொல்ல வேண்டும்.

"போயிட்டு வா" என்றாள்.

ஏற்கப்பட்டது என்று கருவி காட்டியது. சற்றுக் கழித்து, கேட்கப்பட்டது என்று காட்டியது. பிறகு மூன்று மணி ஆயிற்று.

அடுத்த நாள் காலையில் எழுந்ததும் அமலோற்பவம் முகம் கழுவுவதற்கு முன்னால் ஜோவிட்டாவின் பட்டியலைத் திறந்தாள். பனிக்கு அடியில் இருப்பவள் பேச முடியாது. ஆனால் பட்டியல் வெளியில்தான் இருந்தது, யார் வேண்டுமானாலும் பார்க்க. இரண்டே வரி. முதல் வரியைப் படித்துவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.